விதியும் விலகலும்
(சுருளி, கட்டம் ஆகியவற்றின் அடியாகப் பிறந்த கணனி ஓவியங்கள் பற்றி ஒரு நோக்கு)

கணனியைக் கொண்டு வரையப்படும் ஓவியம் பற்றிய பேச்சு எழுந்தவுடன் இருவகைக் கூற்றுக்கள் முன்வைக்கப்படுவது வழக்கம். பொறிக்கு உள்ளம் இல்லை. உள்ளம் இல்லாததன் ஆக்கம் கலையாகாது என்பது ஒன்று. கணிதம் இயற்கை ஒழுங்கின் மொழி. அதிற் பிறக்கும் வடிவம் எதுவாயினும் அழகுடையதே என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களும் ஒரு வகையில் ஒத்தவை. இரண்டுமே குறித்த ஓவியத்தைப் பார்க்காமல் தீர்ப்பு வழங்குகின்றன. முன்னது கருவியைக் கண்டு தள்ளுகின்றது. பின்னது சமன்பாட்டைக் கண்டு கொள்கின்றது. தாளில் விழுந்த கோட்டை இரண்டும் பொருட்படுத்துவதில்லை. திறனாய்வு தொடங்கவேண்டிய இடமோ அந்தக் கோடேயாகும்.

இவ்வகை ஓவியத்தைப் படிமுறை ஓவியம் எனக் குறிப்பிடலாம். ஓவியர் கோட்டை நேரே வரைவதில்லை. கோடு எவ்வாறு வரையப்படல் வேண்டும் என்னும் விதியைப் படிப்படியாக எழுதுகின்றார்; அவ்விதியைப் பொறி நிறைவேற்றுகின்றது. எனவே இங்கு ஆக்கம் என்பது விதியை அமைத்தலிலும், அவ்விதி எவ்விடத்தில் எவ்வளவு நெகிழலாம் என்று தீர்மானித்தலிலும், விளைந்தவற்றுள் எதனைக் கொள்வது என்று தெரிதலிலும் தங்கியுள்ளது. இம்மூன்றையும் கொண்டே இவ்வோவியங்களின் தரம் அளக்கப்படல் தகும்.

இவ்வோவியங்கள் பொதுமக்கள் முன் வந்த ஆண்டு 1965 ஆகும். அவ்வாண்டு பெப்ரவரி மாதம் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலே, மெய்யியலாளர் மக்ஸ் பென்ஸே அவர்களின் ஆதரவில், கியோர்க் நேஸ் என்பவரின் வரைபுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏப்ரில் மாதம் நியூயோர்க்கிலே மைக்கல் நொல், பேலா யூலெஸ் ஆகியோரின் ஆக்கங்கள் இடம்பெற்றன. நவம்பரிலே மீண்டும் ஸ்ருட்கார்ட்டில் நேஸுடன் பிரீடர் நாகேயும் பங்குகொண்டார். இவர்களுள் எவரும் ஓவியக் கல்லூரியின் வழி வந்தவரல்லர். ஸ்ருட்கார்ட்டில் முதற் காட்சியைக் காண வந்திருந்த ஓவியர்கள் சினமுற்றனர். அவர்களுள் ஒருவர், தமக்கே உரிய கைப்போக்கில் இப்பொறி வரையுமோ என்று வினவினார் என்றும், அக்கைப்போக்கு யாதெனத் தாங்கள் சொல்ல முடியுமாயின் வரையும் என்று நேஸ் விடையிறுத்தார் என்றும் கூறப்படுகின்றது. மனக்கசப்பைத் தணிக்கும் பொருட்டு, இது 'செயற்கைக் கலை' என்று பென்ஸே ஒரு பெயர் சூட்டினார்.

நேஸின் விடை வெறும் சாதுரியமன்று. கலைஞன் தன் கையின் விதியைத் தானே அறிவானா என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது. அறிந்தவற்றைப் பொறிக்குச் சொல்லலாம். சொல்ல முடியாது எஞ்சுவது யாது? படிமுறை ஓவியத்தின் பெறுமதி இந்த எச்சத்தை அது எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

முதலிற் சுருளியை நோக்கலாம். நிலைத்த புள்ளியொன்றைச் சுற்றி ஒரு கோடு சீராகச் சுழல, அக்கோட்டின்மீது ஒரு புள்ளி சீராக வெளிநோக்கி நகருமாயின் ஒரு சுருளி உண்டாகும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆக்கிமிடீஸ் ஆராய்ந்த சுருளி இதுவே. இதன் அடுத்தடுத்த சுற்றுக்களிடையே உள்ள தூரம் என்றும் சமமானது. மடக்கைச் சுருளியிலோ அத்தூரம் சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்திற் பெருகும். எவ்வளவு பெருப்பித்து நோக்கினும் வடிவம் மாறுவதில்லை. இப்பண்பில் உள்ளம் பறிகொடுத்த கணிதவியலாளர் யாக்கோப் பேர்னூலி, 1705 ஆம் ஆண்டு இறப்பதற்கு முன்னர், தம் கல்லறையில் இச்சுருளி பொறிக்கப்படவேண்டும் என விரும்பினார். பாசல் நகர்ப் பேராலயத்திலுள்ள நினைவுக்கல்லிற் சிற்பி செதுக்கியதோ ஆக்கிமிடீஸின் சுருளியை ஒத்த ஒன்றாகும். விதியை அறியாது வடிவத்தை மட்டும் காண்பவருக்கு நேரக்கூடிய பிழைக்கு இக்கல் நிலையான சான்றாய் நிற்கின்றது.

சுருளி ஓவியங்களுள் மிகுதியும் எடுத்தாளப்படுவது சூரியகாந்திப் பூவின் விதையொழுங்கைக் காட்டும் வடிவமாகும். 1979 ஆம் ஆண்டு ஹெல்மூட் ஃபோகல் என்பவர் இதற்கு வியக்கத்தக்க எளிமையுடைய ஒரு விதியைத் தந்தார். ஒவ்வொரு புள்ளியும் மையத்திலிருந்து தன் வரிசையெண்ணின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமான தூரத்தில் அமையும். ஒவ்வொன்றும் முன்னையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திரும்பியிருக்கும். அவ்வளவே விதி. இதனை நிறைவேற்றியவுடன் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் இரு சுருளித் தொகுதிகள் கண்முன் எழுகின்றன. கோணத்தை 137.3 பாகையாக்கினால் ஒரு தொகுதி மறைந்து, மற்றையது மட்டும் இடையே வெறுமை விட்டு நிற்கும். ஒரு பாகையின் ஐந்தில் ஒரு பங்கே பூவைக் குலைத்துவிடுகின்றது.

தாவரவியலை விளக்கும் மாதிரியாக இதன் சிறப்பு மறுக்கத்தக்கதன்று. ஓவியமாகக் கொள்ளும்போதுதான் ஐயம் எழுகின்றது. இவ்விதியை யார் நிறைவேற்றினும் அதே வடிவம் கிடைக்கும். வண்ணத்தை மாற்றலாம், புள்ளியைச் சிறிதாகவோ பெரிதாகவோ இடலாம். இவை ஆடை மாற்றமேயன்றி உடல் மாற்றமல்ல. ஓவியரின் தெரிவு விதியைத் தெரிந்தவுடன் முடிந்துவிட்டது; பார்ப்பவரின் வியப்பும் முதற் பார்வையுடன் முடிந்துவிடுகின்றது. சுருளி எங்கும் தடைப்படாது, எங்கும் தயங்காது தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்கின்றது. வியப்புக்குரியது விதியின் அழகு. அதனை எடுத்துக்காட்டியவர் ஓவியரா, ஆசிரியரா என்பது எளிதில் தீராத வழக்கு. படிமுறை ஓவியம் என்ற பெயரில் இன்று குவியும் சுருளிகளுட் பெரும்பாலானவற்றின் குறை இதுவேயாகும்.

சுருளிகள் யாவும் இத்தகையனவே என்று கொள்வதும் பொருந்தாது. 1963 ஆம் ஆண்டு, கணிதவியலாளர் ஸ்ரனிஸ்லாவ் உலாம், நீண்டு சலிப்பூட்டிய ஓர் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தாளிற் கட்டங்களைக் கீறி, நடுவிலிருந்து சுருளியாக 1, 2, 3 என எண்களை எழுதிச் சென்றார். முதன்மை எண்களை மட்டும் அடையாளமிட்டபோது அவை எழுமாறாகச் சிதறிக் கிடக்காமல் மூலைவிட்டங்களின் வழியே திரள்வதைக் கண்டார். பின்னர் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்துக் கணனியின் துணையோடு பல்லாயிரம் எண்களுக்கு இவ்வடிவம் வரையப்பட்டது. 2 ஒழிந்த முதன்மை எண்கள் யாவும் ஒற்றை எண்கள் ஆதலின் அவை ஒன்றுவிட்டொரு மூலைவிட்டத்தில் அமைவது இயல்பே. ஆனால் சில மூலைவிட்டங்கள் ஏனையவற்றிலும் அடர்ந்திருப்பதற்கு முழுமையான நிறுவல் இன்றுவரை கிடைத்திலது. இங்கு சுருளியின் விதி முற்றும் அறியப்பட்டது. அதன்மீது விழும் புள்ளிகளின் போக்கோ முன்கூட்டிச் சொல்லத்தக்கதன்று. ஒழுங்கு தோன்றுகின்றது, அறுகின்றது, வேறிடத்தில் மீண்டும் தோன்றுகின்றது. உலாம் இதனைக் கலையென உரிமை கோரவில்லை. எனினும் அதனைக் காணும் கண் விரைவில் அகல்வதில்லை. எதிர்பார்ப்பும் அதன் முறிவும் ஒரே தளத்தில் நிகழ்வதே அதற்குக் காரணமாகும்.

இம்முறிவை ஓவியர் தாமே திட்டமிட்டுக் கையாண்டமையைக் கட்டங்களின் அடியாக எழுந்த ஆக்கங்களிற் காணலாம். நேஸ் 1960களின் பிற்பகுதியில் வரைந்த 'சரளைக்கற்கள்' என்னும் ஓவியம் இவற்றுள் முதலிடம் பெறத்தக்கது. ஒரு வரிசைக்கு 12 சதுரங்களாக, 22 வரிசைகளில் 264 சதுரங்கள். யாவும் ஒரே அளவின. ஒரே தடிப்புடைய கோட்டால் ஆனவை. மேல்வரிசையில் அவை சுவரிற் பதித்த ஓடுகள்போல ஒழுங்காக நிற்கின்றன. கீழிறங்க இறங்க ஒவ்வொரு சதுரமும் சிறிது திரும்புகின்றது. தன் இடத்தினின்றும் சிறிது விலகுகின்றது. அடிவரிசைகளை அடையும்போது சதுரங்கள் ஒன்றன்மேலொன்று சரிந்து, கொட்டிய கற்குவியலாகின்றன.

இவ்வோவியத்தின் செய்நிரல் மிகச் சிறியது. ஒவ்வொரு சதுரத்துக்கும் திருப்பமும் விலகலும் எழுமாற்று எண்களால் தீர்மானிக்கப்படுகின்றன. அவ்வெண்கள் எட்டக்கூடிய எல்லை மட்டும் வரிசைக்கு வரிசை விரிகின்றது. ஆகவே இங்கு ஒழுங்கின்மை என்பது விதியின்மையன்று; எவ்வளவு விலகலாம் என்பதனையும் விதியே கூறுகின்றது. ஓவியத்தின் ஆற்றல் இதனோடு முடிவதில்லை. காண்பவர் கண்ணுக்கு அச்சதுரங்கள் பாரமுடையனவாகத் தோன்றுகின்றன. அவை விழுகின்றன, நொறுங்குகின்றன, குவிகின்றன. செய்நிரலிற் பாரம் என்ற ஒன்றே இல்லை, ஈர்ப்பும் இல்லை. அவற்றை வழங்குவது காண்பவரின் வாழ்வனுபவம். ஓவியத்தைத் தலைகீழாக்கினால் இடிபாட்டிலிருந்து ஒரு சுவர் எழுவதுபோலத் தோன்றும். எழுமாற்று எல்லை மேலிருந்து கீழாக விரியவேண்டும் எனத் தெரிந்தவர் நேஸ். அந்த ஒரு தெரிவினால் 264 சதுரங்களும் ஓர் அழிவின் கதையாகிவிடுகின்றன. பொறிக்கு உள்ளமில்லை என்பார் இத்தெரிவு யாருடையது எனக் கேட்டல் வேண்டும்.

புடாபெஸ்ற் நகரிலே 1924 இற் பிறந்து, ஓவியம் பயின்று, 1947 இற் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த வேரா மொல்னார், கணனி கைக்கெட்டுவதற்கு முன்னரே இவ்வழியிற் சென்றவர். 1959 முதல் தாம் கற்பனைப் பொறி என அழைத்த ஒரு முறையின்படி, எளிய விதிகளைத் தமக்குத் தாமே விதித்து, அவற்றைக் கையால் வரிசையாக நிறைவேற்றினார். 1968 இலேயே உண்மையான கணனியைப் பயன்படுத்தும் வாய்ப்புக் கிட்டியது. அக்காலத்து ஆக்கங்களுள் 'இடைமுறிவுகள்' என்னும் தொடர் குறிப்பிடத்தக்கது. கட்டங்களில் நிற்கும் சிறு கோடுகள் எழுமாறாகத் திருப்பப்படுகின்றன. பின்னர் ஆங்காங்கே சில பகுதிகள் நீக்கப்படுகின்றன. கோடுகளின் அடர்த்தியிலும் அந்த வெற்றிடங்களே கண்ணை இழுக்கின்றன. 1970களில் அவர் வரைந்த, ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய சதுரங்கள் நிறைந்த கட்டங்களிலோ அதிர்வு மிக நுண்ணியது. நூற்றில் ஒரு பங்கு ஒழுங்கின்மை போதும் என்பது அவர் கொள்கை. நேஸ் ஒழுங்கு அழியும் வரலாற்றைக் காட்டினார். மொல்னார் ஒழுங்கு உயிர்பெறும் கணத்தைத் தேடினார்.

இவ்விடத்தில் நொல் நடத்திய ஆய்வொன்றை நோக்குதல் பொருந்தும். டச்சு ஓவியர் மொண்ட்றியன் 1917 இல் வரைந்த 'கோடுகளாலான அமைப்பு' என்னும் ஓவியத்தைப் பின்பற்றி, குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளை எழுமாறாக இட்டு, 1964 இற் கணனி ஓவியமொன்றை அவர் ஆக்கினார். இரண்டின் பிரதிகளையும் 100 பேருக்குக் காட்டியபோது 28 பேரே மொண்ட்றியனின் ஆக்கத்தைச் சரியாக இனங்கண்டனர். 59 பேர் கணனி ஓவியத்தையே விரும்பினர். பொறி கலைஞனை வென்றது என்பதற்குச் சான்றாக இது அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அம்முடிவு ஏற்புடையதன்று. காட்டப்பட்டவை படியெடுப்புப் பொறியின் பிரதிகள். எண்ணெய் வர்ணத்தின் தன்மை அவற்றில் இல்லை. அன்றியும் கணனி ஓவியத்தின் விதி மொண்ட்றியனின் ஓவியத்திலிருந்தே பெறப்பட்டது. முன்னோன் வெட்டிய பாதையில் நடப்பது எவர்க்கும் எளிது. ஆய்வு உண்மையில் வெளிப்படுத்தியது பிறிதொன்று. பார்த்தவர்கள் கூடிய சிதறலை மனிதனின் இயல்பாகவும், கூடிய ஒழுங்கைப் பொறியின் இயல்பாகவும் கருதினர். அக்கருத்துத்தான் பிழையானது. மொண்ட்றியனின் கடும் ஒழுங்கும் மனிதத் தெரிவே. கணனியின் சிதறலும் ஒருவர் எழுதிய விதியே.

படிமுறை ஓவியத்துக்கு எதிரான கடுமையான குரல் அதன் முன்னோடிகளுள் ஒருவரிடமிருந்தே எழுந்தது. பிரீடர் நாகே, 1971 இல், கணனிக் கலை என்று ஒன்று இருத்தலாகாது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிய கருவியின் கவர்ச்சியைக் கலைச்சந்தை தன் புதுப் பண்டமாக்கிக்கொள்கின்றது; அழகின் பெயரால் இப்பணி செல்வரின் தேவைக்கே உழைக்கின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வச்சம் வீணானதன்று என்பதைப் பிற்காலம் காட்டியது. 2023 ஆம் ஆண்டு, 99 வயதான மொல்னாரின் பெயரில், புகழ்பெற்ற ஏலநிறுவனம் ஒன்றின் வாயிலாக 500 படிமுறை ஓவியங்கள் எண்ணிமச் சொத்துக்களாக விற்கப்பட்டன. ஆயினும் சந்தை ஒன்றை விலைக்குக் கொள்வதால் அதன் கலைத்தன்மை நிறுவப்படுவதுமில்லை, அழிவதுமில்லை. நாகேயும் பின்னர் இத்துறையை முற்றாகத் துறந்தாரல்லர்.

தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவிகளுள் ஒன்று சுழிகுளம். எட்டெழுத்துக் கொண்ட நான்கு அடிகளைக் கட்டங்களில் எழுதினால், அடியடியாகப் படிப்பினும், முதல் நெட்டுவரிசையில் இறங்கி, கடை நெட்டுவரிசையில் ஏறி, அவ்வாறே உள்வரிசைகளுக்குப் புகுந்து நீர்ச்சுழிபோல நடுவை நோக்கிப் படிப்பினும் அதே செய்யுள் கிடைக்கும். கட்டத்தினுள் அமைந்த சுருளி என்பதற்கு இதனினும் நேரிய எடுத்துக்காட்டு அரிது. இத்தகைய செய்யுள்களை மிறைக்கவி என்ற பெயரால் மரபு ஒதுக்கியே வைத்தது. புலமையின் வித்தையை வியந்தபின் படிப்பவர் உள்ளத்தில் எஞ்சுவது சிறிதே என்பது அதன் காரணம். மிறைக்கவியின் குறை அது விதிக்கு உட்பட்டமையன்று. வெண்பாவும் விதிக்கு உட்பட்டதே. விதியை நிறைவேற்றியதையன்றி வேறொன்றையும் சொல்லாமையே அதன் குறை. சூரியகாந்திச் சுருளியைப் பற்றிச் சொல்லப்பட்ட தீர்ப்பும் இதுவே.

கோலத்துக்கும் இத்துறைக்கும் உள்ள தொடர்பு ஒப்புமை என்ற அளவில் நிற்பதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் இணைந்து, 1974 இற் புள்ளிக் கோலங்களைக் கணனியியலின் இலக்கண விதிகளால் விவரிக்கும் ஆய்வினை வெளியிட்டார். வரியாக நீளும் சொற்றொடருக்குரிய இலக்கணம் அங்கு கட்டங்களாக விரியும் வடிவத்துக்குரிய இலக்கணமாக்கப்பட்டது. பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, சில அசைவுகளை மனத்திற் கொண்டு, புள்ளிக் கட்டத்தின்மீது அவற்றைத் திருப்பித் திருப்பி நிறைவேற்றி வந்த பெண்களின் கைகள் படிமுறையை அறிந்திருந்தன என்பதை அவ்வாய்வு புலப்படுத்தியது. கையெழுத்திடப்படாத, மாலைக்குள் மிதிபட்டு அழியும் அக்கலையைக் கலைவரலாறு நெடுங்காலம் கருத்திற் கொள்ளவில்லை. விதிப்படி அமைவது கலையாகாது என்போர் அவ்வொதுக்குதலுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

இவ்வினாக்கள் இன்று புதிய அவசரம் பெற்றுள்ளன. சில சொற்களைக் கொடுத்தவுடன் படந்தரும் பொறிகள் 2022 முதற் பரவலாகிவிட்டன. கோடிக்கணக்கான படங்களிலிருந்து அவை தாமே திரட்டிக்கொண்ட விதிகளை, படத்தைக் கேட்பவர் எழுதவுமில்லை. விரும்பினும் அவரால் வாசிக்கவும் இயலாது. 'சரளைக்கற்கள்' ஓவியத்தின் எந்தச் சதுரத்தைச் சுட்டிக் கேட்பினும் அது ஏன் அவ்வாறு சரிந்தது என்பதற்கு நேஸ் விடை கூறமுடியும். எழுமாற்று எண்ணுக்கும் எல்லை வகுத்தவர் அவரே. படிமுறை ஓவியத்தையும் இப்புதிய படங்களையும் ஒரே பெயராற் சுட்டுவது, ஆக்கியவர் தம் ஆக்கத்துக்கு ஏற்கும் பொறுப்பை மறைப்பதாகும். முன்னையதைப் பொறியின் கலை எனத் தள்ளியவர்கள், அதில் மனிதப் பொறுப்பு எவ்வளவு செறிந்திருந்தது என்பதை இப்போதாயினும் உணர்தல் கூடும்.

மொல்னாரின் ஒரு தொடரைக் குறிப்பிட்டு இந்நோக்கினை நிறைவுசெய்யலாம். அவருடைய தாயார் புடாபெஸ்ற்றிலிருந்து பாரிஸுக்கு வாரந்தோறும் கடிதம் எழுதி வந்தார். காலம் செல்லச் செல்ல அவ்வெழுத்திற் பதற்றம் கூடியது. வரியின் இடப்புறம் அமைதியாகத் தொடங்கும் எழுத்து, வலப்புறம் நெருங்க நெருங்கக் குலைந்து துடிக்கும். 1981 முதல் மொல்னார் அக்கைப்போக்கைக் கணனியில் ஆக்க முயன்றார். தாய் இறந்து, கடிதங்கள் நின்றபின்னும் அம்முயற்சி தொடர்ந்தது. அவ்வோவியங்களில் ஒரு சொல்லும் இல்லை. கிடையான வரிகள், கூரிய மேடுபள்ளங்கள், வலப்புறம் மிகும் சிதறல் ஆகியவையே உள்ளன. நேஸ் மேலிருந்து கீழாக விரித்த அதே எழுமாற்று எல்லை இங்கு இடமிருந்து வலமாக விரிகின்றது. கணிதம் ஒன்றே, அங்கு கற்கள் சரிந்தன, இங்கு ஒரு தாயின் கை நடுங்குகின்றது. ஸ்ருட்கார்ட்டில் அன்று எழுந்த வினாவுக்கு மகளொருத்தி அளித்த விடையாக இத்தொடரைக் கொள்ளலாம். தாயின் கைப்போக்கை அவர் பல ஆண்டுகள் வாரந்தோறும் பார்த்து அறிந்திருந்தார். ஆதலாலேயே பொறிக்கு அதனைச் சொல்ல முடிந்தது. 2023 டிசம்பரில், நூறு வயதை எட்டுவதற்கு ஒரு மாதம் இருக்க அவர் காலமானார். பல்லாயிரம் சுருளிகளுக்கு வாய்க்காத ஒன்று அந்த வரிகளுக்கு வாய்த்துள்ளது. அவற்றின் விதியை அறிந்தபின்னும் அவற்றை மீண்டும் பார்க்கத் தோன்றுகின்றது.